உடம்பில் தங்கிய அதிர்ச்சிக்கு எந்தச் சிகிச்சை? செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"மதுரைக்குப் போய் இ.எம்.டி.ஆர். எடுக்கவா? ஆன்லைனில் சொமாட்டிக் தெரபி என்கிறார்களே, அது சரிப்படுமா? அடுத்த தெருவிலேயே யோகா வகுப்பு நடக்கிறது, அது போதாதா? அம்மா தொக்கணம் பார்க்கச் சொல்கிறார்." இந்த நான்கு கேள்வியும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மூச்சில் வருவதுண்டு. இ.எம்.டி.ஆர். என்பது கண் அசைவோடு அதிர்ச்சி நினைவைச் சந்திக்கும் சிகிச்சை, சொமாட்டிக் என்பது உடம்பின் உணர்வைக் கவனித்துச் செய்வது, தொக்கணம் என்பது சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறை. விபத்தில் தப்பியவர்கள், வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்த்தவர்கள், மஞ்சுவிரட்டில் மாடு முட்டிப் பிழைத்தவர்கள், வருடக்கணக்காகப் படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள்.

நான் காரைக்குடியில் பிசியோதெரபி பார்ப்பவள். கழுத்துப் பிடிப்பு, தோள்பட்டை வலி என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் வலி நிஜம். தாடை இறுகியிருக்கும், மூச்சு மேல் நெஞ்சிலேயே நிற்கும், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நம் பக்கம் இதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள், 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள், பாதிப் பேர் 'வாய்வு' என்று கேஸ் மாத்திரையோடு காலத்தை ஓட்டுவார்கள். இவர்களுக்கு என் சிகிச்சை பாதி வழிதான் போகும். மீதி வழிக்கு எங்கே அனுப்புவது என்று தேடிப் படித்ததும், அனுப்பியவர்களிடம் பிறகு கேட்டு அறிந்ததும்தான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'நிறுத்துங்கள்' என்றால் உடனே நிறுத்துகிறவரா, மூன்று மாதமாவது விடாமல் உங்களால் போக முடியுமா என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

## தேர்வுக்கு முன் இரண்டு சோதனை

முதல் சோதனை ரத்தம். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் தைராய்டு கூடினாலும் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பி.பி., தேவையென்றால் ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் 'பழைய பயம்தான்' என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது சோதனை இதைவிட முக்கியம். ஆபத்து முடிந்துவிட்டதா, இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு அதே கூரையின் கீழ் இருப்பவரின் உடம்பு விழிப்பாக இருப்பது நோய் ஆகாது, அது தன் வேலையைச் செய்கிறது. அந்த உடம்பைத் தளர்த்தச் சொல்லும் எந்தச் சிகிச்சையும் அவருக்கு நியாயம் செய்யாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181, மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையம், நம்பகமான ஓர் உறவினர் வீடு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்றது.

இன்னொரு பிரிவினையும் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு நடந்தது அதிர்ச்சியா, சுமையா? திருப்பத்தூர் சாலையில் லாரி மோதிய கணம் திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது, அந்த இடத்தைக் கடக்கவே முடியவில்லை, ஹாரன் சத்தத்துக்குக் கை கால் வெலவெலத்துப் போகிறது என்றால் அது அதிர்ச்சி. ஒரு குறிப்பிட்ட சம்பவமே நினைவில் வராமல் வருடக்கணக்கில் கடன், நோயாளி, கடை, தூக்கமின்மை என்று உடம்பு ஓய்ந்துபோயிருந்தால் அது சுமை. இரண்டும் கலந்தும் இருக்கும். ஆனால் சுமைக்காரருக்கு அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தால் பணம்தான் கரையும். அதிர்ச்சிக்காரரை வெறும் ஓய்வு எடுக்கச் சொன்னால் படுத்த இடத்திலேயே அந்த லாரி வந்து நிற்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஆதாரம் எவ்வளவு, வாய் திறந்து சொல்ல வேண்டுமா, தொடுவார்களா, இங்கிருந்து போய்வர முடியுமா, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன, எப்போது கெடுதலாக முடியும் என்ற ஆறையும் நான் பார்க்கிறேன். இவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நகரத்தில் எழுதப்படும் கட்டுரைகளில் அவை வருவதில்லை.

ஒன்று, தொடுதல். தனியாகப் பெரிய வீட்டில் இருக்கும் ஓர் ஆச்சி, இரவில் வீட்டில் ஆள் புகுந்த பிறகு கழுத்து வலி என்று வந்தார். மேசையில் படுக்க வைத்து நான் கை வைக்கும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் வாசல் கதவு அடித்துச் சாத்தியது. இரண்டு தோளும் காது மடல்வரை ஏறின. பத்து விரலும் மேசை ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. "கதவுதான் ஆச்சி" என்றேன். "தெரியுது ஆத்தா, ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது" என்றார். அறிவுக்குத் தெரிந்துவிட்டது, தசைக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் தோளை அமுக்கிக் கீழே தள்ளியிருந்தால், அவர் உடம்பைப் பொறுத்தவரை நானும் இன்னொரு திருடன்தான். கையை எடுத்துவிட்டு, அவரை எழுப்பி உட்கார வைத்து, சுவரில் முதுகைச் சாய்க்கச் சொன்னேன். கதவு கண்ணில் படும்படி மேசையைத் திருப்பிப் போட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் சிகிச்சை. தொட்டுச் செய்யும் எந்த முறைக்கும் இதுதான் உரைகல்.

இன்னொன்று, மறைவு. நம் ஊரில் யார் எந்த டாக்டர் வாசலில் நின்றார்கள் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். பெண் பார்க்கும் வீடுகளில் அது பேச்சாகும் என்று பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பேசலாம் என்றால், நம் வளவு வீடுகளின் கட்டுமானம் அதற்கு எதிரி. முற்றத்தைச் சுற்றி அறைகள், மேலே திறந்த வானம், சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவர்கள். இரண்டாம் கட்டில் பேசுவது முகப்புவரை கேட்கும். அழுதால் கேட்கவே வேண்டாம். எந்தச் சிகிச்சைக்கு எங்கே உட்காரப் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்கத்தான் வேண்டும்.

## இ.எம்.டி.ஆர்.

அமெரிக்காவில் ஃபிரான்சின் ஷபிரோ 1987-ல் தொடங்கிய முறை, முதல் ஆய்வு 1989-ல் வெளியானது. அதிர்ச்சி தந்த காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்ணால் தொடர வேண்டும். சிலருக்கு விரலுக்குப் பதில் இரு கைகளிலும் மாறி மாறித் தட்டுவதோ ஒலியோ இருக்கும். எட்டுக் கட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, உச்சி முதல் பாதம்வரை உடம்பில் இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று தேடுவது. அதனால்தான் உடல் வழிச் சிகிச்சைகளோடு இதையும் வைக்கிறேன்.

ஆதாரத்தில் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியில், அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்குப் பரிந்துரைத்த இரண்டு முறைகளில் இது ஒன்று, மற்றது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா, இல்லை அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மறுபடி சந்திப்பதே போதுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. பலன் இருப்பதில் வழக்கு குறைவு.

நம்மவர்களுக்கு இதில் பெரிய வசதி, நடந்ததை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குப் பேசாமல் இருந்து பழக்கம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது காடு மலை தாண்டி நடந்தே திரும்பிய நம் மூத்தவர்களில் எத்தனை பேர் அந்த வழியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் வாய் திறந்தார்கள்? அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்கு 'மனத்தைத் திறந்து பேசுங்கள்' என்பது முதல் வாரத்திலேயே ஓட வைக்கும் கட்டளை. இ.எம்.டி.ஆரில் படத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே ஒரு விபத்து, ஒரே ஒரு சம்பவம் என்றால் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகளுக்குள் ஒரு கரைக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

மறைமுகச் செலவு பயணத்தில் இருக்கிறது. முறையாகப் பயிற்சி பெற்றவரைத் தேடினால் அநேகமாக மதுரை, திருச்சி, சென்னை என்றுதான் வரும். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர், திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் போய்வர அன்றைய பொழுது சரி. தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். அமர்வு முடிந்த அன்றும் மறுநாளும் அசதி, கனவு, எரிச்சல் வருவது சகஜம். அந்த நிலையில் மாட்டுத்தாவணியில் தனியாக நின்று பஸ் ஏறாமல், கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள். அவருடைய டிக்கெட்டும் கணக்கில் சேரும். விபத்தில் சிக்கியவருக்கு அந்த நெடுஞ்சாலைப் பயணமே முதல் தடையாக இருக்கலாம். அப்படியானால் முதல் சில வாரங்களை ஆன்லைனில் தொடங்க முடியுமா என்று கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், அடிக்கடி தன்னிலை மறந்து 'எங்கோ போய்விடுபவர்', ஆபத்து இன்னும் முடியாதவர் ஆகியோருக்கு நேரே நினைவைக் கிளறுவது கூடாது. நல்ல சிகிச்சையாளர் முதல் சில அமர்வுகளை உடம்பை நிலைப்படுத்தவே செலவிடுவார். முதல் நாளே விரலை ஆட்டத் தொடங்குகிறவரிடம் திரும்பிப் போகாதீர்கள்.

## சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்

பீட்டர் லெவின் 1970-களில் உருவாக்கத் தொடங்கியது. இதன் அடிப்படை எண்ணம் எளிது. ஆபத்து வந்தபோது ஓடவோ எதிர்க்கவோ உடம்பு எழுந்தது, அது முடியாமல் உறைந்துபோனது, அந்த முடியாத வேகம் தசையிலும் மூச்சிலும் தங்கியிருக்கிறது. அதைக் கதையாகப் பேசாமல், 'இப்போது வயிற்றில் என்ன தெரிகிறது, உள்ளங்கையில் என்ன தெரிகிறது' என்று கேட்டுக் கேட்டு, துளித்துளியாக வெளியே விடுவார்கள். இறுக்கமான இடத்தில் சில நொடி கவனம், பிறகு உடம்பில் நன்றாக இருக்கும் இடத்துக்குத் திரும்புதல், மறுபடி இறுக்கம். அறையைக் கண்ணால் சுற்றிப் பார்த்து 'இங்கே ஆபத்தில்லை' என்று கழுத்துக்கு உணர்த்துவதும் இதில் உண்டு. தொடுதல் கட்டாயமில்லை.

சிறுவயதிலிருந்து தொடர்ந்த துன்பம், சம்பவம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாத பயம், நினைவைத் தொட்டாலே மரத்துப்போகும் உடம்பு ஆகியவற்றுக்கு இதன் நிதானம் பொருந்தும் என்பது என் கருத்து. ஆதாரம் வளர்ந்துகொண்டிருக்கிறது, முடிந்துவிடவில்லை. இஸ்ரேலில் 63 பேரை வைத்து, வாரம் ஒன்றாக 15 அமர்வுகள் கொடுத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் இ.எம்.டி.ஆருக்கு இருப்பதுபோல் ஆய்வுக் குவியல் இதற்கு இல்லை. இந்த வகைச் சிகிச்சைகளோடு சேர்த்து, மூளையிலிருந்து நெஞ்சு, வயிறுவரை போகும் 'வேகஸ் நரம்பு' பற்றி நிறையப் பேசுவார்கள். ஸ்டீபன் போர்ஜஸ் 1994-ல் முன்வைத்த கொள்கையிலிருந்து வந்த பேச்சு அது. அதன் உடலியல் விளக்கங்களை ஏற்காத விஞ்ஞானிகள் உண்டு. விளக்கம் எதுவானாலும் பயிற்சி உதவலாம். ஆனால் 'உங்கள் வேகஸை ஒரே நாளில் ரீசெட் செய்கிறேன்' என்று விற்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இதன் மறைமுகச் செலவு முடிவு தெரியாத நீளம். எத்தனை வாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாரிடம் ஓர் அமர்வே ஆயிரக்கணக்கில் போகும்போது, பாதியில் காசு தீர்ந்து நிறுத்துவது, தொடங்காமல் இருந்ததைவிட மோசமான மனக்கசப்பைத் தரும். சிகிச்சையாளர் ஆவதற்கான பயிற்சி மூன்று ஆண்டுகள் நடக்கிறது. ஒரு வார இறுதி வகுப்புக்குப் போய்விட்டு 'சொமாட்டிக் கோச்' என்று போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழில் பேசிச் செய்பவர் கிடைப்பது இன்னும் அரிது. 'பிசையுது', 'அடைக்குது', 'குடையுது', 'வெடவெடன்னு இருக்கு' என்று உடம்பைச் சொல்ல நமக்கு இத்தனை சொல் இருக்கும்போது, ஆங்கிலத்தில் பதில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் உணர்வு ஓடிப்போய்விடும். தமிழ் தெரிந்தவருக்காக இரண்டு மாதம் காத்திருந்தாலும் தப்பில்லை.

ஆன்லைனில் செய்வதாக இருந்தால், இடத்தை முடிவு செய்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். வீட்டார் கோயிலுக்குப் போகும் நேரம், தோழி வீட்டு மாடி, நிறுத்திய கார் எதுவும் சரி. சிக்னல் பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அழுகையின் நடுவில் திரை உறைந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

## யோகாவும் மூச்சும்

நம் பக்கம் யோகா ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே யோகா படிப்பு இருக்கிறது. செலவும் குறைவு, 'யோகாவுக்குப் போகிறேன்' என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மறைவு என்ற அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை.

ஆதாரமும் வெறுங்கையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து முகாம்களில் தங்கியிருந்த 183 பேரிடம் மூச்சுப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. காத்திருந்த குழுவைவிட, பயிற்சி எடுத்தவர்களுக்கு அதிர்ச்சியும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்தன. முகாம் முகாமாகப் பிரித்துச் செய்ததால் அதன் முடிவைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வேறு சிகிச்சைகளால் தீராத 64 பெண்கள் இருந்தார்கள். 10 வாரம் அதிர்ச்சிக்கென்றே மாற்றி அமைத்த யோகா செய்தவர்களில், இறுதி மதிப்பீட்டில் கணக்கில் வந்த 31 பேரில் 16 பேர் நோய் வரையறைக்கு வெளியே வந்தார்கள். உடல்நலப் பாடம் மட்டும் கேட்ட குழுவில் 29-க்கு 6 பேர்.

அந்த 'மாற்றி அமைத்த' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்த மாட்டார். 'கையைத் தூக்கு' என்று சொல்லாமல் 'விரும்பினால் தூக்கிப் பாருங்கள்' என்பார். கண் மூடுவது கட்டாயமில்லை. நம்மூர் வகுப்பு அப்படி இருக்காது. ஆசிரியர் பின்னாலிருந்து வந்து இடுப்பை அமுக்குவார், பாராட்டாகவே முதுகில் தட்டுவார், எல்லாரும் சவாசனத்தில் கண் மூடிக் கிடக்கும்போது நடுவே நடப்பார். அதிர்ச்சியில் இருப்பவருக்கு, கண்ணை மூடிப் படுத்திருக்கையில் தலைமாட்டில் கேட்கும் காலடிச் சத்தம் ஒன்றே போதும், அன்றைய தூக்கம் போய்விடும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் படபடப்பையும் தலைசுற்றலையும் கொண்டுவந்து, பழைய பயத்தை அப்படியே கிளப்பிவிடக்கூடும். இவர்களுக்கு மெதுவான மூச்சுதான் ஏற்றது. நிமிடத்துக்கு ஆறு மூச்சளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.

வழி இருக்கிறது. சேருவதற்கு முன் ஆசிரியரிடம் தனியாக, காரணம் எதையும் சொல்லாமல் மூன்றே மூன்று கேளுங்கள்: என்னைத் தொடாமல் சொல்லித் தர முடியுமா, நான் கண் திறந்தே இருக்கலாமா, கதவுப் பக்கம் என் பாயைப் போட்டுக்கொள்ளலாமா. 'அதுக்கென்ன, தாராளமா' என்றால் சேருங்கள். 'யோகான்னா அப்படித்தான், பழகணும்' என்றால் வேறு இடம்.

சுமைக்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான், கூடவே தினமும் அரை மணி நேர நடை. ஊரணிக் கரை, ஆளில்லாத தெரு எதுவானாலும் சரி. ஆனால் மாமியாரை ஒரு மணி நேரம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குக் குடும்பத்தில் பதில் வராமல் யோகாவும் நடையும் நடக்காது. அந்த ஒரு மணி நேரத்தைப் பெற்றுத் தருவதுதான் இங்கே உண்மையான சிகிச்சை. அண்ணன் தம்பிகள் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினால், முதலில் ஒரு பகல்நேர உதவியாளுக்குச் சம்பளம் ஆகட்டும்.

## தொக்கணம், வர்மம், எண்ணெய்க் குளியல்

சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு. இறுகிய தசைக்கு இது தரும் சுகத்தை என் தொழிலில் இருந்துகொண்டு மறுக்க முடியாது. நாட்பட்ட அழுத்தத்தில் தூக்கம் கெட்ட வயதானவர்களுக்கு, வாரம் ஒருநாள் நல்லெண்ணெய்க் குளியலும் மதியம் மிளகு ரசமும் செய்யும் நன்மை சிறியதில்லை. அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுகளில் மருத்துவரை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் அதிர்ச்சி நோயைத் தொக்கணமோ வர்மமோ தனியாகத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொடுதலால் காயம்பட்டவருக்கு, அதிலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு, இது கடைசியில் வர வேண்டியது. பலர் வாய்விட்டுச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். பார்ப்பவருக்குத் தளர்ந்ததுபோல் தெரியும், உள்ளே உறைந்திருப்பார்கள். உங்கள் அம்மாவையோ மகளையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால், வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முதலில் இடம் கொடுங்கள். செய்பவர் பெண்ணாக இருக்க வேண்டுமா, கூட ஒருவர் அறையில் இருக்கலாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

பழைய மாளிகைகளை விடுதியாக்கி நடத்தும் இடங்களில் மூன்று நாள், ஐந்து நாள் தொகுப்பு என்று இப்போது வருகிறது. ஓய்வுக்குப் போங்கள், நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். சிகிச்சை என்று நம்பி, சேர்த்த பணத்தை அங்கே முடக்காதீர்கள். அதே பணத்தில் ஒரு நல்ல சிகிச்சையாளரை இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| | இ.எம்.டி.ஆர். | சொமாட்டிக் | யோகா, மூச்சு | தொக்கணம் |
|---|---|---|---|---|
| ஆதாரம் | வலுவானது | வளர்ந்துவருகிறது | ஓரளவு, துணையாக | அதிர்ச்சிக்கு இல்லை |
| சொல்ல வேண்டுமா | விவரம் வேண்டாம் | கொஞ்சம் | வேண்டாம் | வேண்டாம் |
| தொடுதல் | சில சமயம் கையில் தட்டல் | விருப்பம் | ஆசிரியரைப் பொறுத்தது | முழுக்க |
| இங்கிருந்து | மதுரை, திருச்சி அல்லது ஆன்லைன் | பெரும்பாலும் ஆன்லைன் | உள்ளூரில் | உள்ளூரில் |
| காலம் | ஒற்றைச் சம்பவத்துக்கு 8–12 அமர்வு | மாதக்கணக்கில் | தொடர்ந்து | விரும்பியபோது |
| தெரியாத செலவு | பயணம், மறுநாள் அசதி, துணை ஆள் | நீளம், தனி இடம், மொழி | தவறான வகுப்பு, வேக மூச்சு | உறைந்துபோதல், வீண் நம்பிக்கை |
| யாருக்கு | விபத்து, திருட்டு, மாடு முட்டியது | நெடுநாள் காயம், மரத்துப்போன உடம்பு | சுமை, தூக்கமின்மை, தொடக்கநிலை | தசை இறுக்கம், முதுமை |

## மாத்திரை பற்றி ஒரு வார்த்தை

உடல் வழிச் சிகிச்சை எடுப்பதால் மனநல மருத்துவரைப் பார்க்கக் கூடாது என்பது தவறு. வாரக்கணக்கில் தூங்காதவரால் எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் அதிர்ச்சி நோய்க்கு நெடுநாளாகப் பயன்பாட்டில் இருப்பவை, அவற்றைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்படிதான். கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் வேறு கதை. அன்றிரவு தூக்கம் வரும், சில வாரங்களில் அது இல்லாமல் தூக்கமே வராது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவரைக் காசில்லாமல் பார்க்கலாம். போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் அந்த எண்ணை அப்போதே கூப்பிடுங்கள்.

## நான் யாருக்கு எதைச் சொல்கிறேன்

விபத்து, திருட்டு, மாடு முட்டியது போன்ற ஒற்றைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தீரவில்லை என்றால் இ.எம்.டி.ஆர். அல்லது அதிர்ச்சிக்கான சி.பி.டி.தான். அலைச்சல் மூன்று மாதம்தானே, கடனை வாங்கியாவது முடித்துவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் எதிலும் அவசரமாகச் சேர வேண்டாம். தூக்கம், சாப்பாடு, கூட ஆள் இருப்பது, வழக்கமான வேலைக்கு மெல்லத் திரும்புவது என்றிருந்தாலே பெரும்பாலோருக்குத் தானாக ஆறிவிடும். 'என்ன நடந்துச்சு, சொல்லு' என்று வருகிற உறவினர் எல்லாரும் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுநாள் காயம் உள்ளவர்கள் உள்ளூரில் தொடாத, மெதுவான யோகாவில் ஒரு மாதம் உடம்பைப் பழக்கிவிட்டு, பிறகு தமிழ் பேசும் சொமாட்டிக் அல்லது இ.எம்.டி.ஆர். சிகிச்சையாளரிடம் போவது நல்லது. முன்னதற்குச் செலவு அதிகமில்லை.

சிகிச்சையாளரை முதல்முறை போனில் கூப்பிடும்போது கேட்க வேண்டியவை இவை. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, மனநல மருத்துவரா, வேறு படிப்பா? இந்த முறையில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள்? அமர்வின் நடுவில் என்னால் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? நான் நிறுத்தச் சொன்னால்? எத்தனை அமர்வுக்குப் பிறகு, பலன் இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்? ஆறு அமர்வு முடிந்தும் தூக்கம், திடுக்கிடல், போகப் பயந்த இடங்கள் மூன்றில் ஒன்றுகூட இம்மி அளவு நகரவில்லை என்றால் வேறு வழி பார்க்கலாம் என்று அவரே சொல்ல வேண்டும். 'ஆறவில்லையென்றால் நீங்கள் மனத்தைத் திறக்கவில்லை' என்று பழியை உங்கள் மேல் போடுகிறவர் எவ்வளவு பெயர் பெற்றவரானாலும், அடுத்த அமர்வுக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.